அன்று காபி போட்ட அம்மாவைக் கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 43 வயது. கரூரில் சிறிய அளவில் தறி வைத்திருக்கிறேன். 1996-ல் என் சித்தப்பா ஒரு கம்பெனியில் சீட்டு எடுத்தபோது அப்பா ஜாமீன் போட்டார். கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார்கள். அம்மா உள்ளே அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தார். தம்பிதானே என்று அப்பா தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான்கே தவணை கட்டிவிட்டுச் சித்தப்பா ஊரைவிட்டுப் போய்விட்டார். வீட்டை விற்றுத்தான் கடனை அடைத்தோம். அன்றிலிருந்து நான் யாரையும் நம்புவதில்லை. கல்யாணமாகி 15 வருடம் ஆகிறது. மனைவி ஒரு மருத்துவமனையில் பில்லிங் வேலை பார்க்கிறாள், சம்பளத்தை என்னிடம்தான் கொடுப்பாள். போன மாதம் பீரோவை ஒதுக்கும்போது நான் போட்டிருந்த 6 லட்ச ரூபாய் டெபாசிட் ரசீது அவள் கண்ணில் பட்டுவிட்டது. "இத்தனை வருஷமா என்னை வெளியாளாத்தான் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டவள்தான், அதற்கப்புறம் சரியாகப் பேசுவதில்லை. நான் பட்ட பாட்டை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்:

தம்பி, அவருக்குப் புரியாதது எதுவும் இல்லை. உங்கள் சித்தப்பா கதையைப் பதினைந்து வருடத்தில் நூறு முறையாவது கேட்டிருப்பார், உங்களைவிடக் கோர்வையாகவே சொல்லுவார். புரிய வேண்டியது உங்களுக்கு.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. சீட்டில் போனது, பைனான்சில் போனது, பங்காளியிடம் போனது என்று ஆள் மாறுகிறார், தொகை மாறுகிறது, கடைசி வரி மட்டும் மாறுவதில்லை: அன்றிலிருந்து நான் யாரையும் நம்புவதில்லை. போனது போகட்டும், காலம் ஆற்றிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. வீடு போன வலி ஆறாது. பதினான்கு வயதுப் பையன் தன் வீட்டுப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தால் அது கடைசிவரை கண்ணிலேயே நிற்கும். சித்தப்பாவை மன்னித்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், அது உங்கள் இஷ்டம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் நிற்காமல் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. அம்மா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வரியை ஏன் எழுதினீர்கள்? வந்தவர்களுக்குக் காபி கொடுத்த நல்ல குடும்பம், நம்மையே ஏமாற்றிவிட்டார்கள் என்று காட்டத்தான் எழுதியிருப்பீர்கள். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. திண்ணையில் ஒரு வீடு கைமாறிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் குடும்பம் நடத்துகிறவர், கொழுந்தனுக்கு வருடக்கணக்காகச் சோறு போட்டவர், அவர் யாரிடம் கைமாற்று வாங்கினார், எப்போது திருப்பினார், திருப்பினாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருந்தவர், பத்தடி தள்ளி அடுப்படியில் நின்று பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் வெளியே கூப்பிடவில்லை. "இப்படி ஒண்ணு கேட்கிறான், போடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போயிருப்பார், கையெழுத்தும் ஆகியிருக்கும்.

தம்பியின் குணம் அண்ணனுக்குத் தெரியாது, அண்ணிக்குத் தெரியும். நான் பார்த்த எத்தனையோ குடும்பங்களில் இப்படித்தான். அண்ணன் கண்ணுக்கு அவன் எப்போதும் அரை டவுசர் போட்ட பையன். அலமாரியில் வைத்த சில்லறை குறைவதை அண்ணிதான் கவனித்திருப்பார், சொன்னால் பிரித்து வைக்கப் பார்க்கிறாள் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்.

சீட்டில் ஜாமீன் ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சீட்டு எடுத்தவர் மொத்தத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு மீதித் தவணைகளைப் பிறகு கட்டுகிறவர். அவர் கட்டாமல் போனால் யார் கட்டுவது? அதற்குத்தான் இன்னொருவரின் கையெழுத்து. "சும்மா சாட்சிக்கு ஒரு கையெழுத்து" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அது சாட்சிக் கையெழுத்தே கிடையாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும். முதலில் அவனைப் பிடியுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது. ஆகவே அன்றைக்கு உங்கள் அப்பா தம்பியின் கடனைத் தன் கடனாக எழுதி வாங்கிக்கொண்டார். இவ்வளவு பெரிய காரியத்தை வீட்டுக்காரியிடம் சொல்லாமல் செய்தார்.

அப்பா செய்த தவறு இரண்டு. தாளைப் படிக்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. நீங்கள் முதல் தவறை மட்டும் எண்ணிக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டீர்கள். இன்றைக்கு உங்கள் கண்ணில் படாமல் எந்தத் தாளும் நகராது, சந்தோஷம். இரண்டாவது தவறை அப்பாவிடமிருந்து அப்படியே வாங்கி, உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். அதற்கு அனுபவம் தந்த பாடம் என்று பெயர் வேறு வைத்திருக்கிறீர்கள். அந்த அனுபவத்தில் நீங்கள் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள், தம்பி.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம். அரசன் ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்காகச் சொன்னது, வீட்டுக்கும் பொருந்தும். அதன் கடைசிக் குறள், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிவிட்ட ஒருவரைச் சந்தேகப்படுவதும், இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறது. அப்பா முதல் பாதி, நீங்கள் இரண்டாம் பாதி.

உங்கள் மனைவியை ஆராய இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? ஊரார் பணத்தை நாள் முழுக்க எண்ணி வாங்கி, மாலையில் கணக்கு இடித்தால் தன் கைக்காசைப் போட்டு நேர் செய்ய வேண்டிய வேலை அது. அந்தச் சம்பளத்தை மாதாமாதம் உங்கள் கையில் கொடுக்கிறார். ரசீது கேட்டிருக்கிறாரா? எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாரா? அந்த 6 லட்சத்தில் அவர் சம்பளம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டதற்கு அவருக்குப் புரியவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கணவன் மனைவிக்குள் தனித்தனிக் கணக்கு இருக்கலாம், தெரியாத கணக்கு இருக்கக் கூடாது. இதில் நான் இம்மியும் இறங்கிவர மாட்டேன். பெண்கள் அரிசிப் பானையில் ஒளித்து வைப்பதில்லையா என்று கேட்பீர்கள். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த வீட்டில் வந்த பழக்கம் அது, அதற்கும் பதில் சொல்ல வேண்டியது ஆண்கள்தான்.

இன்னொன்று. நாளைக்குத் தறிச் சத்தத்துக்கு நடுவில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால்? அந்த ரசீதில் நாமினி யார்? கல்யாணத்துக்கு முன்பு தொடங்கிப் புதுப்பித்துக்கொண்டே வரும் டெபாசிட் என்றால் இன்னும் அப்பா பெயரே இருக்கலாம். யாரும் கேட்காமல் பத்து வருடம் கிடந்தால் வங்கி அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடும். வாரிசுகள் பிறகும் கேட்டு வாங்கலாம், 2023 முதல் உத்கம் என்ற இணையதளத்தில் தேடிப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்? சித்தப்பா ஓடிப்போய் உங்கள் அம்மாவைத் தெருவில் நிறுத்தினார். நீங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு, ஒரு காசுகூடத் திருடாமல், உங்கள் மனைவியை அதே இடத்தில் நிறுத்துவீர்கள்.

பீரோவில் இருக்கும் எல்லாத் தாளையும் எடுத்துக் கட்டில்மேல் பரப்புங்கள். டெபாசிட், இன்சூரன்ஸ், தறிக்கு வாங்கிய கடன், நீங்கள் யாருக்காவது கொடுத்த கைமாற்று, எல்லாம். ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், கணக்கில் அவர் உங்களைவிட வேகமாக இருப்பார். நாமினி பெயரை வங்கிக்குப் போய் மாற்றுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மன்னிப்புக் கேட்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், நாமினி படிவத்தை நிரப்பிக்கொண்டே கேளுங்கள், ஆனால் கேட்டுவிடுங்கள். உடனே பேசிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதினைந்து வருடம் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அவர் பதினைந்து நாளாவது எடுத்துக்கொள்ளட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அம்மா உங்களோடுதான் இருக்கிறாரா என்று எழுதவில்லை, எங்கே இருந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கு அப்பா உள்ளே வந்து உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அம்மா, என்று கேளுங்கள். இத்தனை வருடத்தில் இதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லும் பதிலை, வீட்டுக்கு வந்ததும் உங்கள் மனைவியிடம் அப்படியே சொல்லுங்கள்.