குழாயின் கடைமடையில் குளோரின் இருக்கிறதா?

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் ஒருநாள் பிளீச்சிங் பவுடர் நெடியடிக்கிறது, மறுநாள் ஒன்றுமில்லை. நெடியடிக்கும் நாளில் பலரும் வாய்க்கால் ஓரத்து அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பவுடர் உடம்புக்குக் கெடுதலா, டாக்டர்?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி அருகே

பதில்: அளவோடு போட்டால் கெடுதல் இல்லை. நெடியே இல்லாத நாள்தான் எனக்குக் கவலை. வெள்ளம் வடியாத நேரத்தில் அடிபம்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சினால் நெடியும் போய்விடும்; இப்போது எப்படியும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் தொட்டி நிரம்பும்போதே ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்தே திறந்துவிட வேண்டும். மூட்டையிலிருந்து அப்படியே கொட்டினால் சரியாகக் கலக்காது. வாய் திறந்து கிடக்கும் மூட்டை மழைக்கால ஈரத்தில் வீரியம் இழந்துவிடும். அதில் 120 கிராம் போட்டும் பயனிருக்காது.

வாய்க்கால் மாதிரி குழாய்க்கும் கடைமடை உண்டு. சோதனையை அங்கேதான் செய்ய வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில், பவுடரிலிருந்து வரும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். வயிற்றுப்போக்கு பரவும்போது 0.5. ஊராட்சியில் குளோரின் அளவு பார்க்கும் குளோராஸ்கோப் கருவியைக் கேளுங்கள், நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தொட்டியடியில் குளோரின் இருக்கிறது, கடைமடையில் இல்லை என்றால் வழியில் சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தண்ணீர் வேகமாக வர வேண்டுமென்று குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்களா? மழையில் அந்தக் குழி நிரம்பும். விநியோகம் நின்றதும் குழாய் உள்ளிழுக்கும். குழித் தண்ணீர் உள்ளே போய்விடும். வால்வு குழியிலும் இதே கதைதான். குழியை மூடிக் குழாயை உயர்த்தாமல் பவுடரைக் கூட்டிப் பலனில்லை.

நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் ஆறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். பாக்கெட்டை டம்ளரில் கொட்டிக் கரைத்தால் உப்பு மிகுந்து ஆபத்து. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றாலும் நிறுத்தாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இன்றே சொல்லுங்கள். கழனித்தண்ணீர் போலப் போனாலோ, கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலோ 108-ஐ அழையுங்கள்.