கழுத்திலும் கத்தி வேண்டுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு நாக்கின் ஓரத்தில் தொடக்க நிலைப் புற்றுநோய். கழுத்தில் நெறிகட்டவே இல்லை. ஆனாலும் அங்குள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். அவசியந்தானா?

பதில்: இதே ஐயம் மருத்துவர்களிடையேயும் நெடுங்காலம் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்தி, 2015இல் வெளியிட்ட ஆய்வில், முதல் அறுவையிலேயே கழுத்து முடிச்சுகளையும் நீக்கிக்கொண்டவர்களில் 80 விழுக்காட்டினரும், நோய் கழுத்தில் தென்பட்ட பிறகே நீக்கிக்கொள்வதென இருந்தவர்களில் 67.5 விழுக்காட்டினரும் மூன்றாண்டு முடிவில் உயிருடன் இருந்தனர். கைக்குத் தட்டுப்படாத அளவில் புற்று கழுத்து முடிச்சுகளுக்குள் பரவியிருக்கும் நுண்பரவலே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கழுத்து அறுவைக்குப் பின் தோள் சில காலம் இறுகலாம். உடற்பயிற்சிச் சிகிச்சை உதவும். மருத்துவர் சொல்வது சரியென்றே கருதுகிறேன்.