நீந்தத் தெரியாதவர் பாராசெய்லிங்கில் ஏறலாமா?

கொழும்பிலிருந்து விடுமுறைக்குப் பெந்தோட்டைக்குச் செல்லும் உங்கள் குடும்பத்தில் நீந்தத் தெரியாத ஒருவரும் பாராசெய்லிங்கில் (படகு கயிற்றால் இழுக்கப் பரசூட்டில் பறப்பது) ஏறலாமா, அங்கே என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உயிர்காப்பு அங்கியைச் சரியாக அணிந்தால் ஏறலாம். ஆனால் நீரில் இறங்க நேரலாம் என்பதால், தண்ணீரைக் கண்டாலே பதறுபவரை வற்புறுத்தாதீர்கள்.

உடலைச் சுற்றிப் பட்டிகளை இறுக்கி, விரிந்த பரசூட்டுடன் கொளுவிய பின், படகு வேகமெடுக்க, அதன் பின்தளத்திலுள்ள உருளை மெல்லச் சுழன்று கயிற்றை விடுவதால், நீங்கள் குதிக்காமலே மேலெழுவீர்கள். கயிறு சாய்ந்தே நிற்பதால் அதன் நீளம் முழுவதும் உயரமாகிவிடாது. மேலே இயந்திர இரைச்சல் தேய்ந்துவிடும். தொடையை அழுத்தும் பட்டிதான் (கட்டைக் காற்சட்டை அணிந்தவருக்கு நன்றாகவே உறைக்கும்) அதிகம் தெரியும். பறப்பது பெரும்பாலும் 10 நிமிடமளவே.

நான் அஞ்சுவது காற்றுக்கே. பலத்த காற்றில் கயிறு அறுந்தால் படகோட்டியால் எதுவும் செய்ய இயலாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றால் பெந்தோட்டை உள்ள மேற்குக் கரை கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடா, நிலாவெளிக் கடலே அமைதியானது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமாதலால் காலையிலேயே செல்லுங்கள். கயிற்றில் நைந்த இழைகளைக் கண்டாலோ, ஓட்டுநரைத் தவிரப் பறப்பவரைக் கவனிக்கப் படகில் இன்னொருவர் இல்லாவிட்டாலோ, கொடுத்த பணம் போனாலும் ஏறாதீர்கள்.