ஓலைப்பெட்டி செய்யும் படிப்பு

அண்ணாச்சி, போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, "மவ நீட் எழுத மாட்டேங்கா, ஆர்.என்.ஏ. மருந்துன்னு எதையோ படிக்கணுங்கா" என்று நீங்கள் கவலைப்பட்டபோது பாதி பதில்தான் சொன்னேன். மீதி இது.

அவள் சொல்வது கற்பனை இல்லை. ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு. அதை அப்படியே ரத்தத்தில் செலுத்தினால் அங்குள்ள நொதிகள் சில நிமிடங்களில் நறுக்கிப் போட்டுவிடும். அதனால் கொழுப்பாலான குட்டி உறைக்குள் வைத்து அனுப்புகிறார்கள், உடன்குடிக் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வெளியூர் போவதுபோல. பெட்டியின் அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

சிக்கல் விலாசத்தில்தான். உறை ரத்தத்தில் இறங்கியதும் ஏபோ-இ என்ற புரதம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். கல்லீரலும், வழக்கமாக வரும் கொழுப்புதானே என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி உறையில் போகும் ஆர்.என்.ஏ. மருந்துகளில் முதலில், 2018இல், அமெரிக்க அனுமதி பெற்ற பாட்டிசிரான் வேலை செய்வது கல்லீரலில். 2025இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்கு, அவனுக்கென்றே தயாரித்த மரபணுத் திருத்தியை அனுப்பியதும் கல்லீரலுக்குத்தான். மூளைக்கும் இதயத்துக்கும் பெட்டியைச் சேர்ப்பதில் இன்னும் ஏகப்பட்ட வேலை கிடக்கிறது. உங்கள் மகள் கண் வைத்திருப்பது அங்கே. கெட்டிக்காரிதான்.

சரி, படிப்புக்கு வருவோம். 'நானோ', 'ஜீன்' என்று பெயரில் தொங்குகிற இளங்கலைக்கு லட்சக்கணக்கில் கட்டிவிடாதீர்கள். பெட்டி செய்வது பெரும்பாலும் வேதியியல். பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி. மாதிரி நல்ல இடம் பிடிக்கலாம். இல்லையென்றால் ஐசர், அதாவது மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம், ஐந்து வருடப் படிப்பு. திருவனந்தபுரம் ஐசர் இருப்பது விதுராவில், நம் பொதிகைக்கு அந்தப் பக்கம். அதன் நுழைவுத்தேர்வில் உயிரியலுக்கு உள்ள அதே மதிப்பெண் கணக்குக்கும் உண்டு. அவள் கணக்கைக் கைவிடப் பார்க்கிறாள் என்றீர்களே, அதை மட்டும் விடாதீர்கள்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் சின்னச் சம்பளம்தான், மறைக்கவில்லை. பிஎச்.டி. வேண்டும், முடிக்க வயது இருபத்தெட்டு ஆகிவிடும். ஆனால் தேசியத் தேர்வு எழுதி, நெட்-ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் அவள் கைக்கே வரும். அப்புறம் வேலை ஹைதராபாத், புனே, பெங்களூரு என்றுதான் அமையும், திருநெல்வேலியில் அல்ல. கல்யாணப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை, ஆனாலும் முகத்தில் தெரிந்தது. அதை அவளிடம்தான் பேச வேண்டும்.

அடுத்த முறை தனியாக வராமல் அவளையும் கூட்டி வாருங்கள். பதினொன்றாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் எடுத்து வாருங்கள்.