தேதிக்குச் சக்தி உண்டா?

கேள்வி: ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் மறைந்தார்கள். கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார். கலிலியோ இறந்த அதே ஜனவரி 8-இல் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்து, ஐன்ஸ்டைன் பிறந்த மார்ச் 14-இல் மறைந்தார். தேதிகளுக்கு ஏதோ சக்தி உண்டு என்பதை இனியும் மறுப்பீர்களா?

பதில்: மறுப்பேன். முதலில் உங்கள் சாட்சிகளைக் கொஞ்சம் விசாரிப்போம்.

1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். பத்து நாட்களைத் தூக்கிவிட்டார்கள். அக்டோபர் 4 இரவு படுத்தவர்கள், விழித்தபோது அக்டோபர் 15. அவிலா புனித தெரேசா அந்த இரவில்தான் ஸ்பெயினில் இறந்தார். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15. ஆனால் போப் சொன்னதை இங்கிலாந்து கேட்கவில்லை. 1752 வரை பழைய கணக்கிலேயே ஓட்டியது.

ஆகவே ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23, அன்றைய ஸ்பெயினில் மே 3. செர்வாண்டிஸ் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அதிலும் அவர் இறந்தது 22-ஆம் தேதி, 23 அடக்கம் செய்த நாள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. இவ்வளவுக்குப் பிறகும் யுனெஸ்கோ அந்தத் தேதியை உலகப் புத்தக நாளாக வைத்திருக்கிறது. இருக்கட்டும், புத்தகம் படிக்க ஒரு சாக்கு.

நியூட்டன் கதையும் இதே ரகம். அவர் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்துக் கணக்கு. கலிலியோவின் 1642 ஜனவரி 8 இத்தாலியக் கணக்கு. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஒருவருக்கு அந்த ஊர் முழம், இன்னொருவருக்கு இந்த ஊர் முழம் போட்டு அளந்துவிட்டு, துணி சரியாக இருக்கிறது என்கிறீர்கள்!

சரி, நிஜமாகவே பொருந்துபவை இல்லையா? உண்டு. லிங்கனும் டார்வினும் 1809 பிப்ரவரி 12-இல்தான் பிறந்தார்கள். அதைவிட என்னை அசத்துவது 1826 ஜூலை 4. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் சரியான ஐம்பதாவது ஆண்டு நிறைவு. அதை உருவாக்கிய குழுவில் இருந்து, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதிகளான ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸ் இருவரும் அன்று சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1831-இல், இன்னொரு முன்னாள் ஜனாதிபதி மன்றோவும் ஜூலை 4-இல் போனார். எனக்கும் புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் 1836-இல் அவர்களைப் போலவே ஜனாதிபதியாக இருந்த மேடிசன் ஜூன் 28-ஆம் தேதியே கிளம்பிவிட்டார். தேதிக்குச் சக்தி இருந்தால் இன்னும் ஆறு நாள் பிடித்து வைத்திருக்கக் கூடாதா?

தற்செயல் நாம் நினைப்பதைவிட மலிவு. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். 365 நாளுக்கு 23 பேர் எப்படிப் போதும் என்று தோன்றும். ஆட்களை எண்ணாதீர்கள், ஜோடிகளை எண்ணுங்கள்: 23 பேரில் 253 ஜோடி. வரலாற்றில் பெயர் பெற்றவர்களோ ஆயிரக்கணக்கில். மோதாமல் இருந்தால்தான் அதிசயம்.

நானும் ஒரு காலத்தில் ‘இன்று என்ன நாள்’ பெட்டிச் செய்தி எழுதியவன்தான். ஒரு தேதிக்கு நாற்பது குறிப்பு கிடைக்கும். ஒன்றோடொன்று சேர்கிற இரண்டை எடுத்துக்கொண்டு, மிச்சம் முப்பத்தெட்டைத் தள்ளிவிடுவேன். மறுநாள் ‘என்ன பொருத்தம்!’ என்று கடிதம் வரும்.

அப்புறம் ஹாக்கிங். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்துப் பிறந்ததை அவரே சொல்வார். அன்று இன்னும் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்பதையும் கூடவே சொல்வார். அதே ஜனவரி 8-இல் 1935-இல் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியும் பிறந்திருக்கிறார். கடிதத்தில் அவரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?