அடக்கி வாசித்தல்

அன்புள்ள ஐயா,

ஓய்வு நேரத்தில் ஆங்கிலச் சிறுகதைகளை மொழிபெயர்த்து வருகிறேன். ஒரு கதையில், கணவன் இறந்த செய்தி வருகிறது. மனைவி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். அவள் நடந்துகொண்ட விதத்தை மூலத்தில் ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறார்கள். நான் ‘அடக்கமாக’ என்று எழுதினேன். படித்த தோழி, “மாமியார் முன்னால் நிற்கிற புதுமருமகள் மாதிரி இருக்கு” என்கிறாள். மிகைநாடகத்துக்கு எதிர்ச்சொல் தமிழில் இல்லையா? எதையும் கூட்டிச் சொல்லியே பழகியவர்கள் நாம் என்பதாலா?

க.

அன்புள்ள க.,

தோழி சொன்னது சரி. ‘அடக்கம்’ எப்போதோ பணிவின் பக்கம் சாய்ந்துவிட்டது. சாவு நடந்த கதை வேறு; புதைப்பதும் அடக்கம்தான்.

பெயர்ச்சொல்லாகத் தேடினால் அகப்படாது, வினையாகத் தேடுங்கள். ‘அடக்கி வாசிப்பது’ இருக்கிறது. மேளக்காரர்களிடமிருந்து வந்த பேச்சாகத்தான் இருக்க வேண்டும். தாலி கட்டும்போது யாராவது விரலை ஆட்டி “கெட்டிமேளம்” என்பார். தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழாதபடி தவில் முழங்கும். அதே கை வேறு நேரத்தில் சத்தத்தைக் குறைத்து வாசிக்கும்போது தாளம் குறைவதில்லை. சினிமாக்காரர்கள் ‘அண்டர்ப்ளே’ என்று சொல்லும் நடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கதைப்பெண்ணுக்கு இது ஆகாது. தேர்தல் வரைக்கும் அடக்கி வாசிக்கும் அரசியல்வாதியின் கணக்கு இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், அலட்டிக்கொள்ளாமல், ஆர்ப்பாட்டமில்லாமல், பட்டும் படாமல், காட்டிக்கொள்ளாமல். எல்லாமே எதைச் செய்யவில்லை என்று சொல்கிற சொற்கள். தமிழ் இந்தக் குணத்தை இப்படித்தான் பிடிக்கிறது. ‘பட்டும் படாமல்’ என்றால் ஒதுங்கல், ‘அலட்டிக்கொள்ளாமல்’ என்றால் கொஞ்சம் கெத்து. ‘காட்டிக்கொள்ளாமல்’ என்னும்போதுதான் உள்ளே ஏதோ இருப்பது தெரிகிறது.

பள்ளிக்கூட இலக்கணத்தில் உயர்வு நவிற்சிக்கு எதிரே இயல்பு நவிற்சி உண்டு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அதைத் தன்மையணி என்று பெயரிட்டு, 35 பொருளணிகளில் முதலாவதாக வைக்கிறது. ஆனால் அது உள்ளதை உள்ளபடி சொல்வது. நீங்கள் தேடுவது உள்ளதைவிடக் குறைத்துச் சொல்வதை.

கூட்டிச் சொல்பவர்கள் என்ற குற்றச்சாட்டை முழுதாக ஏற்க மாட்டேன். ஒப்பாரியும் மேடைப்பேச்சும் நம்முடையவைதான், மறுக்கவில்லை. ஆனால் புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் பாருங்கள். அப்பாவையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. போன மாத நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாத நிலவில் வென்று முரசடித்த வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. பாட்டில் கேட்கிற ஒரே சத்தம் அந்த முரசு, அதுவும் எதிரியுடையது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஊரிலிருந்து போனில், “அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ” என்கிறார்கள். அந்தக் ‘கொஞ்ச’த்தைக் கேட்டபிறகு யார் பஸ்ஸுக்கு மறுநாள் வரை காத்திருக்கிறார்கள்?

உங்கள் வரிக்கு ‘எதையும் காட்டிக்கொள்ளாமல்’ பொருந்தும். நானாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, துணிகளை மடித்து வைத்தாள் என்பதோடு விட்டுவிடுவேன். மூல ஆசிரியர் போட்ட சொல்லை நாம் விடலாமா என்று கேட்பீர்கள். அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான வழக்கு.

ஒன்று கேட்க வேண்டும். மடித்த துணிகளில் அவனுடைய சட்டையும் இருந்ததா? மூலத்தில் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.