கால் முறிந்த குதிரையை ஏன் காப்பாற்ற முடிவதில்லை? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எந்த மாதத்தில் பிறந்தாலும் பந்தயக் குதிரைகளுக்கு ஒரே நாளில்தான் வயது கூடுமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளில் வட அரைக்கோளத்தில் பிறப்பவற்றுக்கு ஜனவரி 1, தென் அரைக்கோளத்தின் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பிறப்பவற்றுக்கு ஆகஸ்ட் 1 என்று பொதுப் பிறந்தநாள் வகுக்கப்பட்டிருக்கிறது. பந்தயங்கள் வயதுவாரியாகப் பிரிக்கப்படுவதால் இந்த ஏற்பாடு கணக்குக்கு எளிது. ஆனால் ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் 'இரண்டு வயதுக் குதிரைகள்' என்ற பெயரில் ஒரே பந்தயத்தில் நிற்கும்போது, நான்கு மாத வளர்ச்சியின் வேறுபாடு அவற்றின் உடலில் வெளிப்படையாகவே தெரியும். குதிரையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 11 மாதங்கள். பெண் குதிரைகள் இயல்பாகச் சினைக்குத் தயாராவதோ பகல் நீளும் வசந்த காலத்தில். குட்டிகள் ஆண்டின் தொடக்கத்திலேயே பிறக்க வேண்டும் என்பதற்காக, குளிர்காலத்தில் லாயங்களில் விளக்கேற்றி, நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும்படி செய்து பருவத்தை முன்னதாகவே வரவழைக்கிறார்கள். நாட்காட்டியின் வசதிக்காக ஓர் உயிரின் பருவத்தை நகர்த்துவது எனக்கு முழு உடன்பாடான செயல் அன்று.

கேள்வி: இத்தனை பெரிய விலங்கால் எப்படி இவ்வளவு வேகமாக ஓட முடிகிறது?

பதில்: முதலில் மூச்சைச் சொல்ல வேண்டும். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. மூக்கு ஒன்றே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு என்று ஓட்டமும் சுவாசமும் இணைந்துவிடுகின்றன. நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் நிகழும் இந்தச் சுவாசம், ஓடும் குதிரையின் அருகில் நிற்பவருக்குத் துருத்தி ஊதுவதுபோலக் கேட்கும்.

அடுத்தது இரத்தம். ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும் இதயம் பந்தயத்தில் இருநூறைத் தாண்டுகிறது. அதே வேளையில் மண்ணீரல் சுருங்கி, தான் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. இதனால் இரத்தம் சுமக்கக்கூடிய ஆக்சிஜனின் அளவு சில கணங்களிலேயே பெருமளவு உயர்கிறது. ஆஸ்திரேலியர்கள் கொண்டாடிய ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரை 1932-இல் இறந்தபின் அதன் இதயத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள், எடை 6.2 கிலோ இருந்தது. 1973-இல் அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தில் ஒன்றரை மைல் தூரத்தை 2 நிமிடம் 24 நொடிகளில் கடந்து, இரண்டாவதாக வந்த குதிரையை 31 குதிரை நீளங்கள் பின்னால் விட்ட செக்ரட்டேரியட்டின் இதயம் அதைவிடவும் பெரியது என்பது அதன் உடலைப் பரிசோதித்த மருத்துவரின் மதிப்பீடு. அந்த நேரச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை.

கேள்வி: கால் முறிந்த குதிரையைக் கொன்றுவிடுகிறார்கள். மனிதனுக்குக் கட்டுப்போடுவதுபோல அதற்கும் செய்யக்கூடாதா? பணம் மிச்சப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறார்களோ என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. சில இடங்களில் செலவும் ஒரு காரணமாக இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தும் காப்பாற்ற முடியாத குதிரைகள் உண்டு என்பதால், காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. எலும்பும் தசைநாண்களும் அவற்றின் மேல் தோலும்தான் உண்டு. கால் இப்படி இலேசாக இருப்பதால்தான் அதை விரைந்து வீச முடிகிறது. ஓட்டத்தில் தசைநாண்கள் ரப்பர்போல இழுபட்டுச் சுருங்கி உழைப்பையும் மிச்சப்படுத்துகின்றன. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு பாய்ந்தோடும்போது, சில கணங்களில் ஒரே ஒரு கால் தரையில் ஊன்றி, உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. அந்த நிலையில் முறியும் எலும்பு பெரும்பாலும் பல துண்டுகளாகச் சிதறுகிறது. மெல்லிய தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் அழுக்கும் கிருமியும் எளிதாக உள்ளே புகும். சுற்றிலும் தசை இல்லாததால் இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் தாமதம்.

எலும்பை இணைத்துவிட்டாலும் அடுத்த தொல்லை காத்திருக்கிறது. குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க முடியாது, ஏனெனில் அதன் எடையே நுரையீரலையும் குடலையும் தசைகளையும் அழுத்திக் கெடுத்துவிடும். நின்றாலோ, முறிந்த காலின் சுமையையும் மற்ற கால்கள் ஏற்க வேண்டும். குளம்பினுள் இருக்கும் எலும்பை, மடிப்பு மடிப்பான மென்திசுக்கள்தாம் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கின்றன. கால் மாற்றிக் கால் ஊன்றும்போதுதான் அந்தத் திசுக்களுக்கு இரத்தம் சீராகச் செல்லும். இடைவிடாமல் சுமை ஏறினால் அவை பழுதாகி, எலும்பு குளம்பை விட்டு விலகத் தொடங்கும். லாமினைட்டிஸ் எனப்படும் இந்த நோயின் வலியை விவரிப்பதே கடினம்.

2006-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரங்களில் பிரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. உலோகத் தகடும் இருபதுக்கு மேற்பட்ட திருகாணிகளும் பொருத்தி அறுவை செய்தார்கள். மயக்கம் தெளியும்போது திமிறிக் காலை மீண்டும் முறித்துக்கொள்ளாமலிருக்க நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுத் தெளிய வைத்தார்கள். முறிந்த கால் ஆறி வந்தது. ஆனால் நல்ல நிலையிலிருந்த இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ் கண்டது. பின்னர் முன்னங்கால்களையும் அது பற்றியதால், 2007 ஜனவரியில் பார்பரோவைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. செலவுக்கு அஞ்சாத உரிமையாளர்களும் தேர்ந்த மருத்துவர்களும் எட்டு மாதங்கள் போராடிய பிறகு நேர்ந்த முடிவு இது. மேலே சொன்ன செக்ரட்டேரியட்டும் 1989-இல் தன் 19-ஆம் வயதில் இதே நோயால்தான் மறைந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது கால் ஏன் முறிகிறது என்பதையே. இந்த முறிவுகளில் பல திடீரென நேர்வதில்லை; ஓய்வின்றிப் பயிற்சி கொடுக்கும்போது எலும்பில் சேரும் நுண்விரிசல்களே ஒருநாள் பிளவாகின்றன. சிறு நொண்டலையும் பொருட்படுத்தி, வாரக்கணக்கில் ஓட்டத்தை நிறுத்திவைக்கும் பயிற்சியாளரை நான் வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமலேயே மதிப்பேன்.

கேள்வி: நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவது தண்டனை இல்லையா?

பதில்: எல்லாப் பந்தயங்களிலும் இப்படி இல்லை, ஹேண்டிகேப் வகைப் பந்தயங்களில் மட்டுமே, போட்டியைச் சமன் செய்வதற்காக ஏற்றுகிறார்கள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். 1930-இல் 62.5 கிலோ சுமந்து மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லாப்புக்கு அடுத்த ஆண்டு 68 கிலோ விதிக்கப்பட்டது. அது எட்டாவதாக வந்தது.

கேள்வி: ஓட்டம் முடிந்த குதிரைகள் எங்கே போகின்றன?

பதில்: இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இந்த விலங்கின் பந்தய வாழ்வு பெரும்பாலும் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. வெற்றி பெற்றவை இனப்பெருக்கத்துக்குப் போகும். காயடிக்கப்பட்ட ஆண் குதிரைகளுக்கு அந்த வழியும் இல்லை. பொறுமையாக மறுபயிற்சி தந்தால் அவை நல்ல சவாரிக் குதிரைகளாகின்றன. ஆனால் முன்னால் பாய்வதையே பழகிய குதிரைக்கு மெல்ல நடக்கவும் அமைதியாக நிற்கவும் கற்றுத்தர மாதங்கள் பிடிக்கும், அந்தச் செலவை ஏற்க ஆளில்லாத குதிரைகளின் கதி துயரமானது. குட்டி பிறந்து பதிவாகும் அன்றே அதன் முதுமைக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1,100 டாலருக்கு விற்கப்பட்டு, 83 பந்தயங்களில் ஓடி 39-இல் வென்ற ஜான் ஹென்றி என்ற குதிரையும் காயடிக்கப்பட்டதுதான். அதைக் கென்டக்கி குதிரைப் பூங்காவில் விட்டுப் பராமரித்தார்கள். மக்கள் வந்து பார்த்துச் செல்ல, 2007-இல் இறக்கும்போது அதற்கு வயது 32.